அக்காவைப் பற்றி நான் எழுதிய ஏழு பகுதிகள்

நான் வேலை பார்த்த அச்சகம் திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. கீழே மிஷின் ஓடும். மாடியில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து பக்கம் கட்டிக் கொடுப்பது என் வேலை. வெளியூர்க்காரர்களுக்கு மாதிரி அனுப்புவதற்காக முதலாளி இணைய இணைப்பு வாங்கினார். மத்தியானம் ஒரு மணிக்கு அவர் சாப்பிட வீட்டுக்குப் போனால் திரும்பி வர மூன்றரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரத்தில் இணையம் முழுக்க எனக்குத்தான்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. அப்போது எல்லோரும் சேர்ந்துகொண்டிருந்த ஒரு நட்புத் தளம் இருந்தது. இப்போது அது இல்லை. நானும் சேர்ந்தேன். நகைச்சுவைக் குழு, பழைய பாட்டுக் குழு என்று சுற்றிவிட்டு ஒருநாள் மனநலம் பற்றிய ஒரு தமிழ்க் குழுவுக்குள் போனேன். வெளிநாட்டில் இருந்த யாரோ அதை நடத்தினார். முதல் பக்கத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். தூக்கமின்மை, பசியின்மை, குளிக்கப் பிடிக்காமல் போவது, பிடித்த வேலையில் நாட்டம் விட்டுப்போவது. அங்கே எழுதியிருந்தது அத்தனையும் என் அக்கா.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அக்காவும் படிப்பை முடித்ததும் ஊரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் வருடம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுப் பரீட்சைத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்துவாள். முதலில் ஒரே தாளை நாலு தடவை, ஐந்து தடவை கூட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திருத்துவதை நிறுத்தினாள். பிறகு தூங்குவதை. ஒருநாள் காலையில் தாள்களைக் கிழித்துத் தரையில் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா இது?" என்று அப்பா கேட்டதற்கு, "கூட்டல் வரமாட்டேங்குதுப்பா" என்றாள்.

அந்த நோய்க்கு எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒருவர். கண்ணு பட்டுவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. மாதா கோயிலில் கூட்டு ஜெபத்துக்குக் கூட்டிப்போய்த் தலையில் கை வைத்து ஜெபிக்கச் செய்தோம். அக்கா எதற்கும் மறுப்புச் சொல்லாமல் வந்தாள். மூன்று மாதம் கழித்துத்தான் மதுரையில் ஒரு டாக்டரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்லத் தேறினாள்.

தெருவில் எல்லோரும் விசாரித்தார்கள். அம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஏலே, யாரு கேட்டாலும் டைபாய்டுன்னு சொல்லு. முடி கொட்டிருக்குல்ல, அதுக்கும் அது சரியா இருக்கும்."

சொன்னேன். நண்பர்களிடம், கோயிலில், அத்தை வீட்டில், எல்லா இடத்திலும் டைபாய்டு. அக்கா மறுபடி பள்ளிக்குப் போனாள். மாத்திரையைத் தன் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருப்பாள். சாயங்காலம் வந்ததும் முகம் கழுவி, ஒன்றைப் போட்டுக்கொண்டு, நோட்டுகளை எடுத்துத் திருத்த உட்காருவாள். நல்ல டீச்சர் என்று பேரெடுத்தாள். அவள் வகுப்பில் எப்போதும் கசகசவென்று சத்தம் இருக்கும், அது அவளுக்குப் பிடிக்கும். வத்தலக்குண்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளே பிடிவாதம் பிடித்தாள். சொன்னோம். அவர்கள் மறுபடி வரவில்லை. "போதும்ப்பா" என்றாள் அப்பாவிடம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லை. அப்பா இறந்த பிறகு அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர் மட்டும் இருந்தோம்.

அந்தப் பெயர் தெரியாத நோய்க்குப் பத்து வருடத்துக்கு மேல் கழித்து, மின்வெட்டு நேரத்தில் யூ.பி.எஸ். கீச்சிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் பெயர் படித்தேன். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொன்னால் புரியாது. எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது, வெளியே சொல்லக் கூடாதது என்று நினைத்திருந்த ஒன்று எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கிறது. அதைச் சாதாரணத் தமிழில், சொந்தப் பெயரோடு, ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தினமும் படிக்க ஆரம்பித்தேன். வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர் தினம் காலையில் நேற்றும் தூங்கவில்லை என்று எழுதுவார். இருபது பேர் அதற்குக் கீழே ஆறுதல் எழுதுவார்கள். அவர் ஒருநாள் நன்றாகத் தூங்கினேன் என்று எழுதியபோது இரண்டே பேர்தான் பதில் போட்டார்கள். மறுநாள் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்த ஒரு பெண் தன் கையில் இருந்த காயத்தைப் பற்றிக் கவிதை மாதிரி எழுதினாள். அடுத்த வாரம் அதைவிடப் பெரிய காயத்தைப் பற்றி இன்னொருத்தி எழுதினாள். மாத்திரை மனுசனை மரக்கட்டை ஆக்கிவிடும், தூக்கி எறியுங்கள் என்று ஒருவர் எழுதினார். நிறுத்தி நான் பட்ட பாடு போதும், யாரும் நிறுத்தாதீர்கள் என்று ஒரு பெண்மணி கெஞ்சினார். இரண்டு பேருக்கும் ஆள் சேர்ந்து ஒரு வாரம் சண்டை நடந்தது. நான் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தேன்.

இருபது கேள்விகள் கொண்ட ஒரு பரிசோதனையும் அங்கே இருந்தது. பதில்களைக் குறித்தால் உங்கள் நிலை என்னவென்று சொல்லும். எனக்கு மிதமான மனச்சோர்வு என்று வந்தது. மறுநாள் திரும்பப் போட்டேன், கடுமையான மனச்சோர்வு. ஒரு வாரம் நோயாளி மாதிரியே நடந்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேன். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு பெருமையும் இருந்தது. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

பிறகு ஒருநாள் நாலு வரி எழுதினேன். என் அக்காவுக்கும் இது வந்தது, நாங்கள் ஊரிடம் டைபாய்டு என்று சொன்னோம், அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் திறந்தால் வரிசையாகப் பதில்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர். தொடர்ந்து எழுதுங்கள் தோழர் என்று ஒருவர். உங்கள் எழுத்தில் உயிர் இருக்கிறது என்று ஒரு பெண்.

வருடக்கணக்கில் அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்ததை அடித்துக் கொடுத்த கை இது. என் சொந்த வரிக்கு அதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கே இரண்டாம் பகுதி எழுதினேன்.

மொத்தம் ஏழு பகுதிகள் எழுதினேன். அக்காவின் பெயரைப் போடவில்லை. அதுவே பெரிய எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் பெயர் இருந்தது. என் படம் இருந்தது. திண்டுக்கல் என்று இருந்தது. நான் அச்சகத்தில் வேலை பார்ப்பது இருந்தது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதும் இருந்தது. மூன்றாம் பகுதியில் அக்கா சொல்லாத ஒரு வாக்கியத்தை அவள் வாயில் வைத்தேன். அழுதுகொண்டே சொன்னதாக எழுதினேன். அந்த வாக்கியத்துக்குத்தான் பாராட்டு அதிகம் வந்தது.

வீட்டில் அவளைப் பார்க்கிற விதமும் மாறிப்போனது. கீரை ஆய்ந்துகொண்டே பேசாமல் இருந்தாள் என்றால் எனக்குள் ஒரு குறிப்பு ஓடும். சோற்றைப் பாதியில் மூடி வைத்தால் பசியின்மை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மத்தியானம் படுத்தால் நாட்டமின்மை. ஒருநாள் அவளே கேட்டாள்:

"என்னடா, என் மூஞ்சில எதுவும் ஒட்டிருக்கா?"

"இல்லக்கா. ஏன்?"

"ஒரு வாரமா அப்படிப் பாக்குற."

"சும்மாதான்."

அவள் சிரித்துவிட்டு நோட்டுக்குள் குனிந்துகொண்டாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். என்ன எழுதியிருக்கிறேன் என்று காட்டியிருக்கலாம். அவள் வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் காட்டவில்லை.

ஐந்தாம் பகுதியில் என்ன எழுதினேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. நோய் முற்றியிருந்த நாட்களில் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் நடந்தது அது. அம்மாவும் சம்பந்தப்பட்டது. இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று அக்காவிடம் இப்போது கேட்டபோது சொன்னாள்: "ஒன்னையப் பத்தி எழுது. என்னையப் பத்தி எம்புட்டு வேணுமோ அம்புட்டு எழுது. அந்த மத்தியானத்த மட்டும் எழுதாத." அதனால் எழுதவில்லை. ஆனால் அன்று அதை எல்லோரும் படித்தார்கள். ஏழு பகுதிகளில் அதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பதில்கள்.

ஏழாவது பகுதி போட்ட இரண்டாவது வாரம். சாயங்காலம் நாலரை இருக்கும். அக்கா அச்சகத்து மாடிப்படி ஏறி வந்தாள். அவள் அங்கே வந்ததே கிடையாது. தோளில் பள்ளிக்கூடப் பை, கையில் மடித்த காகிதங்கள். முதலாளி எழுந்து, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவள் உட்காரவில்லை. காகிதத்தை என் விசைப்பலகை மேல் வைத்தாள்.

நான் எழுதியதுதான். யாரோ பிரௌசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்திருந்தார்கள். ஓரமெல்லாம் பல கை பட்டு அழுக்கேறி, மடிப்பில் கிழிந்திருந்தது.

"பதினொண்ணாங் கிளாசுல பெஞ்சுக்குக் கீழ சுத்திக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "காதல் கடுதாசின்னு நெனச்சுப் புடுங்குனேன்."

காகிதங்களைப் புரட்டினேன். ஏழு பகுதிகளும் இருந்தன.

"கையில வச்சிருந்த பிள்ள அழுதுருச்சு. 'மிஸ், நீங்க படிக்காதீங்க மிஸ்'னு சொல்லுச்சு. ஸ்டாஃப் ரூம்ல போய்ப் படிச்சேன். நான் கிழிச்சது பதினொண்ணாங் கிளாசு பேப்பர் இல்லடா. பத்தாங் கிளாசு. தப்பா எழுதிருக்க."

"அக்கா..."

"அப்புறம் இது." மூன்றாம் பகுதியில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "இத நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லலக்கா."

"அதான. எனக்கே சந்தேகமாயிருச்சு. சொல்லிருப்பமோன்னு. அப்ப நடந்ததெல்லாம் எனக்குச் சரியா ஞாபகம் இல்லல்ல. நீ எழுதிருக்கறதப் படிச்சுட்டு இதுதான் நடந்துச்சு போலன்னு நெனச்சேன்."

அதுவரை குரல் ஒரே மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் உடைந்தது.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. காகிதங்களை எடுத்து மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். படியில் இறங்கும்போது திரும்பிச் சொன்னாள்:

"அம்மாகிட்ட எதுவும் சொல்லாத. அஞ்சாவது தெரிஞ்சா அவுங்க தாங்க மாட்டாங்க."

அன்றைக்கே ஏழு பகுதிகளையும் அழித்தேன். அழித்துவிட்டால் போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் யார் யாரோ நகலெடுத்து மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மனத்தை உலுக்கும் உண்மைக் கதை, கட்டாயம் படிக்கவும் என்று தலைப்புப் போட்டு எனக்கே ஒருவர் அனுப்பினார். குழுவில் விசாரித்தார்கள். ஏன் அழித்துவிட்டீர்கள், அக்கா இப்போது எப்படி இருக்கிறார்கள், எட்டாம் பகுதி எப்போது வரும் என்று கேட்டார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்கள். ஒருவருக்கும் பதில் எழுதாமல் என் கணக்கையும் மூடினேன். ஒரு மாதம் வரை ஒரு மணி ஆனதும் கை தானாக மவுஸைத் தேடும்.

பள்ளியில் அவளை யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. இரண்டு பெற்றோர் வந்து தலைமை ஆசிரியையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர், "கொஞ்ச நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்களேன் டீச்சர்" என்று அன்பாகச் சொன்னார். அக்கா லீவு போடவில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும் என்கிற மாதிரி தினமும் இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு, மற்ற எல்லோருக்கும் முந்திப் போனாள். ஒரு சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டேன்.

"இப்பல்லாம் கிளாசுல சத்தமே இல்லம்மா. போர்டு பக்கம் திரும்புனாக்கூட ஒரு பிள்ளையும் பேச மாட்டேங்குது."

"நல்லதுதான? அடங்கிருக்குதுக."

"ஆமா" என்றாள் அக்கா. "நல்லதுதான்."

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அம்மாவிடம் அங்கே வேலை குறைவு என்றாள். காலையில் ஏழு மணிக்கே டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு ஓடுவாள். என்னோடு அவள் பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, சம்பளம் வந்துச்சா, கேஸ் புக் பண்ணினியா எல்லாம் கேட்பாள். ஆனால் தன்னைப் பற்றி ஒரு சொல் வராது. முன்பெல்லாம் ஸ்டாஃப் ரூம் கதைகளை என்னிடம்தான் கொட்டுவாள். இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "நல்லாருக்கேன்" என்பாள். அந்தச் சொல்லைக் கதவு மாதிரி சாத்துவாள்.

அவள் மாற்றலாகிப் போய் ஆறேழு மாதம் கழித்து ஒரு பெண்மணி அச்சகத்துக்கு வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது, சாயம் போன கைத்தறிச் சேலை, கக்கத்தில் ரெக்ஸின் பை. மூச்சு வாங்க மாடியேறி வந்து என்னையே பார்த்தார்.

"ஏனுங்க, அக்காவப் பத்தி எழுதுனவரு நீங்கதானுங்களா?"

"அதெல்லாம் அழிச்சாச்சும்மா" என்றேன்.

"நான் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துல இருந்து வாரனுங்க. என்ற தம்பி பெங்களூர்ல இருக்கான். அவன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தானுங்க. பஸ்ஸ விட்டு எறங்கி மூணு அச்சகம் கேட்டுட்டு வாரேன்." பையைத் திறந்து காட்டினார். அதே காகிதங்கள், பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்தார். "என்ற புள்ள பிளஸ் டூங்க. நாலு மாசமா பள்ளிக்கோடம் போறதில்ல. தூங்கறதில்ல. நானும் எங்கெங்கயோ மந்திரிச்சுப் பாத்துட்டேன். இதப் படிச்சப்பொறகுதானுங்க இது சீக்குன்னே தெரிஞ்சுது. எந்த டாக்டருன்னு நீங்க அதுல எழுதுலீங்க. உங்கக்காவ ஒருக்கா பாக்க முடியுங்களா?"

எழுதவில்லைதான். அழுகையை எல்லாம் எழுதினேன். டாக்டர் பெயரை எழுதத் தோன்றவில்லை.

அவரை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அக்கா அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தபடியே நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"பிளஸ் டூவாம்."

"அந்தம்மா சாப்டாங்களான்னு கேட்டியா?"

"கேக்கலக்கா."

"போய்க் கூட்டியா."

அறைக்குள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். அம்மா காபியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, "யாருலே அது? உள்ள ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு இருக்காக" என்றாள். கூட வேலை பார்க்கிற டீச்சர் என்றேன். மறுபடியும் ஒரு டைபாய்டு.

அந்தச் சனிக்கிழமை அக்கா அவர்களோடு மதுரைக்குப் போனாள். அந்தம்மாவின் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூன்று நாள் லீவு போட்டுக் கூடவே இருந்தாள். பெண் தேறி, அடுத்த வருடம் தனியாகப் பரீட்சை எழுதியது. பிறகு அந்தப் பெண்மணி அடிக்கடி போன் செய்வார். அக்கா போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். சில நேரம் மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். "என்னக்கா சொல்றாங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமில்லடா" என்றாள்.

அடுத்த வருடம் ஏப்ரல் மாதம். பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாம் இந்தத் தடவை மதுரையில் போட்டிருக்கிறார்கள், தங்கித் திருத்த வேண்டும் என்று சொல்லி ஒரு பையோடு அக்கா கிளம்பினாள். அம்மா ஊறுகாயும் முறுக்கும் கட்டிக் கொடுத்தாள். வழக்கமாக ஊரிலேயே நடக்கிற முகாம் ஏன் மதுரைக்குப் போனது என்று நானும் யோசிக்கவில்லை. அதற்கு முந்திய மாதங்களில் அவள் மெலிந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. பஸ் அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். அவளைக் கவனித்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்த காலம் அது.

பத்து நாள் கழித்து அச்சகத்துக்கு ஒரு போன். ஒட்டன்சத்திரத்துப் பெண்மணி.

"தம்பி, நாளைக்குக் காலைல வீட்டுக்கு அனுப்பறாங்களாமுங்க. பஸ்ல வாரேன்னு ஒரே புடியா நிக்கறாங்க. கெறக்கமா இருக்கறாங்க, நீங்க ஒரு கார் கீது புடிச்சுட்டு வந்தா நல்லாருக்குமுங்க."

"யாரு? எங்கருந்து?"

"அய்யோ. உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தாங்கன்னு நெனச்சுட்டனுங்க."

"எத்தன நாளா?"

"பத்து நாளாச்சுங்க. உங்கக்காவே ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்துட்டாங்க. நாந்தானுங்க கூட இருக்கறேன். என்ற புள்ளைக்கு அவங்க இருந்தாங்கல்லங்க. இப்பத் தேவலைங்க, ரெண்டு நாளா நல்லாத் தூங்கறாங்க."

கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

அவர் யோசித்தார். மனத்தில் எதையும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை.

"எழுதிப்போடுவீங்கன்னு பயந்தாங்களோ என்னமோங்க" என்றார்.

எனக்குத் தெரியும் என்று அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "சொல்ல மாட்டனுங்க" என்றார். நாளைக்கு எந்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கே பேருந்து நிலையத்தில் போய் நின்றேன். பகல் வெயில். மதுரை பஸ் பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தது. முன்படியில் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டு இறங்கினாள். மணிக்கட்டு குச்சி மாதிரி இருந்தது. புறங்கையில் ஊசி குத்தின இடம் நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ எங்கடா இங்க?"

"அம்மாதான் அனுப்புனாங்க. பை கனமா இருக்கும்னு."

பையை வாங்கிக்கொண்டேன். கனமே இல்லை. டீ குடிக்கலாமா என்றாள். கடை நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"முகாம் எப்படிக்கா இருந்துச்சு?"

"பரவால்லடா. சாப்பாடுதான் சரியில்ல."

"பேப்பர்லாம் எப்படி?"

"பிள்ளைக நல்லா எழுதிருக்குதுக."

"ம்."

ஒரு வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்தபடி வெளியே போனது.

"அடுத்த வருசமும் இப்படிப் போக வேண்டி வருமாக்கா?"

"தெரியலடா. வந்தாப் போகத்தான வேணும்."

"வந்துச்சுன்னா எங்கிட்டச் சொல்லு. நான் கொண்டாந்து விடுறேன். விட்டுட்டுத் திரும்பி வந்துருவேன். ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அக்கா டம்ளரை பெஞ்சின் மேல் வைத்தாள். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இன்றுவரை நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

"பாப்போம்" என்றாள்.

எழுந்து வண்டிப் பக்கம் நடந்தோம். வெயில் சுட்டது. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும், வழக்கமாக என் தோளைப் பிடிக்கிறவள் அன்று சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக ஓட்டினேன்.